சிப்பி கலந்த மண்

மலையாண்டிக்கு நாக்கு செத்துப்போனது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பங்குனி மாதம் என்று சாயல்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சோற்றுக்கு ருசி தெரியாமல் போன கதை இல்லை இது. மண்ணை ருசி பார்க்கிற நாக்கு. அது சாகவே இல்லை, நன்றாகத்தான் இருந்தது என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவன் பெண்டாட்டி முருகேஸ்வரிக்கு. தெரிந்தும் பதினாலு வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டவளாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டாள்.

முருகேஸ்வரி கடலாடிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவள். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் வாலிநோக்கத்து உப்பளம். பதினாலு வயதில் உப்பு வாரப் போனவள், எழுபத்தொன்பதில் மலையாண்டிக்கு வாக்கப்பட்டு வரும்வரை வருஷத்தில் ஆறு மாதம் உப்புத் தண்ணீரில்தான் நின்றாள். பாதத்தில் விழுந்த வெடிப்பு அதுவரை மூடவே இல்லை. மாப்பிள்ளை மண்ணு வேலை பார்க்கிறவன் என்று சொன்னபோது, “உப்பு வேலை இல்லையே, அது போதும்” என்றாளாம்.

மலையாண்டி மட்பாண்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. அவர்களுக்கு எட்டுக் குறுக்கம் நிலத்தில் மிளகாய்க் காடு இருந்தது. எழுபத்து நாலில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு விருத்தாசலத்துக்குப் போய்ப் பீங்கான் வேலை படித்துவிட்டு வந்தான். கம்பெனி வேலைக்குப் போவான் என்று வீட்டில் காத்திருந்தால், இவன் மாரியூர்ப் பாதையில் கொட்டகை போட்டு, பக்கத்தில் சூளை கட்டி, காலால் சுற்றுகிற சக்கரம் ஒன்றை இறக்கிவிட்டான். அவனுடைய அய்யா வந்து பார்த்தார். பனையோலையை ஈரமண்ணில் அழுத்தி எடுத்த தட்டு, கடற்பாசி அச்சுப் பதிந்த குவளை, நண்டு ஓடின தடம் மாதிரி கோடு போட்ட சாடி எல்லாம் வரிசையாக இருந்தன.

“இதுல குழம்பு வைக்கலாமாடா?”

“வைக்க முடியாதுய்யா.”

“பெறகு என்னத்துக்கு?”

“வச்சுப் பாக்குறதுக்கு.”

அய்யா அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. சாகிறவரை மகனைப் பற்றிக் கேட்டவர்களிடம், “அவன் பாக்குறதுக்குச் சட்டி செய்யிறான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்ப்பதற்குச் சட்டி வாங்குகிற ஆட்கள் ராமநாதபுரத்தில் இல்லை. மதுரையில் கொஞ்சம், மெட்ராஸில் கொஞ்சம். வருஷத்துக்கு மூன்று கைவினைக் கண்காட்சி. ஏர்வாடி நெய்னா முகம்மது, தர்காவுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேன் வைத்திருந்தார். மலையாண்டியைத் தம்பி என்பார், முருகேஸ்வரியைத் தங்கச்சி என்பார். கண்காட்சிக்கு முந்தின வாரம் வேனைக் கழுவி, வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு சாமானாகச் சுற்றி அடுக்குவார்கள். கூரையில் கயிற்றுக் கட்டில் ஒன்று ஏறும். ஸ்டாலிலேயே சமைத்து, ஸ்டாலிலேயே படுத்து, பத்து நாள் கழித்துப் பாதிக்கு மேல் அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் பக்கத்து ஸ்டால்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போகிறவர்களிடம் கடற்பாசியின் அழகை எப்படி விளக்குவது?

ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விற்பது அவள்தான். மலையாண்டி ஸ்டாலின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வான். தன் சாமானை ஒருவர் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பதைப் பார்க்க அவனால் முடியாது.

அவனுக்கு இருந்த ஒரே கர்வம் நாக்கு. கண்மாயிலிருந்து மாட்டுவண்டியில் களிமண் வந்தால், இறக்கவிட மாட்டான். ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவான். “உப்பு இருக்கு. திருப்பி ஓட்டு” என்பான். வண்டிக்காரன் திட்டிக்கொண்டே திருப்புவான். கடலோரத்து மண்ணில் உப்பு ஊறியிருந்தால், சுட்ட பிறகு மேல் மெருகு செதில் செதிலாக உரிந்துவிடும். அதற்குப் பயந்து அவன் ஒரு சட்டமே போட்டிருந்தான். கடற்கரை மணல் ஒரு பிடிகூடக் கொட்டகைக்குள் வரக் கூடாது. களிமண்ணில் கலப்பதற்குக் குண்டாற்று மணல்தான். மணல் கலக்காவிட்டால் கண்மாய் மண் காயும்போதே விரிசல் விட்டுவிடும்.

தொண்ணூற்றிரண்டு கார்த்திகையில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பொங்கலுக்கு நடக்கிற பெரிய கண்காட்சியில் அவர்களுக்கு முன்வரிசையில் ஸ்டால். பதிமூன்று வருஷத்தில் முதல் தடவை. நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது.

“நான் போய்ட்டு ஒரு வாரத்துல வாரேன். நீ மண்ணை மட்டும் மிதிச்சுத் தயாரா வையி புள்ள. வந்த அன்னைக்கே சக்கரத்துல ஏறணும்” என்றான் மலையாண்டி. அந்த வருஷம் மண் கண்மாய் மடைக்கு வடக்கே புது இடத்தில் வெட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்து அவனே தேர்ந்தெடுத்தது.

அவன் ரயில் ஏறின மறுநாள் மழை பிடித்தது. குண்டாற்றில் வெள்ளம். மணல் வண்டி வரவில்லை. நாலு நாள் பார்த்தாள். களிமண் குவியல் மணல் இல்லாமல் கிடக்கிறது. முன்வரிசை ஸ்டால் காத்திருக்கிறது. ஐந்தாம் நாள் மழை விட்டதும் சாக்கை எடுத்துக்கொண்டு மாரியூர்க் கடற்கரைக்கு நடந்தாள்.

கடற்கரை மணலை அவள் தொடவில்லை. அவ்வளவு விவரம் கெட்டவள் இல்லை. அலை ஒதுக்கின சிப்பித் தூள் அங்கங்கே வெள்ளை வெளேரென்று மேடு கட்டிக் கிடக்கும். மணலில்தான் உப்பு ஊறும், சிப்பியில் ஊறாது என்று அவள் நினைத்தாள். இரண்டு சாக்கு அள்ளி வந்து, இடித்து, சலித்து, நல்ல தண்ணீரில் ஏழு முறை அலசினாள். ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஏழாவது முறை உப்பின் வாடைகூட இல்லை. மண்ணில் கொட்டி இரண்டு நாள் மிதித்தாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் தினமும் வெற்றிலை போடுகிறவள். சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு, சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் பொங்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? பிறந்த ஊரில் அவள் அம்மா சுட்ட சிப்பியைப் பானையில் போட்டுத் தண்ணீர் தெளித்து நீற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் அது வெற்றிலை விவகாரம், இது மண் விவகாரம். இரண்டையும் அவள் மனசு சேர்த்துப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் எல்லோரும் உப்பு உப்பு என்றே பயந்துகொண்டிருந்தால் சுண்ணாம்பு யார் ஞாபகத்துக்கு வரும்?

மலையாண்டி வந்தான். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தான்.

“அருமையா இருக்கு. என்ன நயமா இருக்கு! மழையில மணல் எப்படி வந்துச்சு?”

சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் மண் மிதித்த இரண்டு நாளும் நினைத்திருந்தாள். ஆனால் கடற்கரை என்ற வார்த்தையைக் கேட்டாலே அவன் மொத்த மண்ணையும் குப்பையில் கொட்டச் சொல்வான் என்று தெரியும். முன்வரிசை ஸ்டால் போய்விடும். “வந்துச்சுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அந்த மண்ணில் அவன் செய்ததைப் போல அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. அலை வாங்கின மணல் மாதிரி மடிப்பு மடிப்பாகப் பெரிய தட்டுகள், பனங்காய் மாதிரி விளக்குகள், பாசி படர்ந்த குடுவைகள். சீமைக்கருவேல விறகை இரண்டு நாள் விடாமல் போட்டு எரித்தார்கள். சூளை திறந்தபோது ஒன்றுகூட விரிசல் இல்லை. முருகேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மெட்ராஸில் நாலே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது. பேப்பரில் போட்டோ வந்தது. கண்காட்சி நடத்துகிற அம்மா ஒருத்தர் வந்து, “அடுத்த வருஷம் டில்லிக்கு உங்களைத்தான் அனுப்பப்போறோம்” என்றார். மலையாண்டி முதல் தடவையாக ஸ்டாலின் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வருகிறவர்களிடம் அவனே எடுத்துக் காட்டினான், இது இந்தப் பாசி, இது இந்த ஓலை என்று. அந்த நாலு நாள்தான் அவர்கள் வாழ்ந்தது என்று நான் சொல்வேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விற்காமல் வீட்டுக்கென்று எடுத்து வைத்த ஒரு தட்டிலிருந்து ‘டிக்’ என்று சத்தம். எட்டிப் பார்த்தாள். நகக்கண் அளவு ஒரு சில்லு தெறித்துக் கீழே கிடந்தது. தட்டில் அது இருந்த குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. விரலால் தொட்டாள். மாவாக ஒட்டியது. வெற்றிலைக்காரிக்கு அந்த மாவைத் தெரியாதா? அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளே சுண்ணாம்பு பொங்குகிறது. மெட்ராஸில் யார் யார் வீட்டிலோ இப்போது இதே சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் உடைமுள் காட்டுக்குள் எறிந்துவிட்டு வந்து, மிச்ச வெங்காயத்தை உரித்தாள்.

பங்குனியில் கூப்பிட்டு விட்டார்கள். நெய்னா முகம்மதுவின் வேனில் மூவரும் போனார்கள். கண்காட்சி ஆபீஸில் நீள மேஜை மேல் நாற்பது சாமான்கள். அம்மை போட்ட முகம் மாதிரி எல்லாவற்றிலும் குழி, குழிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. வாங்கினவர்கள் திருப்பிக் கொடுத்தவை. கமிட்டி ஆள் ஒருவர், வயதில் சின்னவர், “மண்ணே தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா முன்வரிசை?” என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

மலையாண்டி ஒரு தட்டை எடுத்து, வெள்ளைப் புள்ளியை நகத்தால் கீறி, நாக்கில் வைத்தான். அவன் முகம் விழுந்துபோனது.

“சுக்கான்” என்றான். “கண்மாய் மண்ணுல சுக்கான் கல்லு கெடந்திருக்கு. சுண்ணாம்புக் கல்லுங்க அது. எடம் பாத்து வெட்டுனது நான். என் நாக்குக்குத் தெரியல. தப்பு என்னோடதுங்க.”

முருகேஸ்வரி அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். சேலை முந்தானை அவன் கையில் உரசுகிற தூரம். ‘சுக்கான் இல்லை, சிப்பி. நான்தான் போட்டேன்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? அத்தனை பேர் முன்னால் அவன் தலை குனிந்து நிற்கும்போது, அதற்குமேல் பெண்டாட்டியிடம் ஏமாந்தவன் என்ற பெயரையும் சேர்க்க வேண்டுமா என்று நினைத்தாளாம். பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. உண்மையில் பயந்துபோனாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கொட்டகையில் மிச்சமிருந்த மண்ணில் ஒரு உருண்டை எடுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். மண் நுரைத்தது. “பாத்தியா? பொங்குது. சுக்கான் இருக்குற மண்ணு இப்படித்தான் பொங்கும்” என்று அவளிடம் காட்டினான். சிப்பியும் அப்படித்தான் பொங்கும். அவள் பார்த்தாள். அது மூன்றாவது சந்தர்ப்பம். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது ஒன்றுக்குப் பத்து மடங்கு கஷ்டம். மூன்றாம் நாளைக் கேட்கவே வேண்டாம்.

கண்காட்சிக்கார அம்மா நல்ல மாதிரி. மறு வருஷம் புதுச் சரக்கோடு வரச் சொல்லி எழுதினார். மலையாண்டியால் முடியவில்லை. எந்தக் கண்மாய் மண்ணைக் கொண்டுவந்தாலும் நாக்கில் வைப்பான், துப்புவான். “இதுலயும் இருக்கு” என்பான். ஒன்றும் இருக்காது. முருகேஸ்வரி ஏழு ஊர் மண் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். மண்ணை நம்ப முடியாதவன் சக்கரத்தில் உட்கார்ந்து என்ன செய்வான்? ஒருநாள் சக்கரத்தைக் கழற்றித் துணி துவைக்கிற கல்லுக்குப் பதிலாகக் குழாயடியில் கவிழ்த்துப் போட்டான். சூளைச் செங்கல்லைப் பிரித்துத் தெருவில் ஒருவர் சுவர் வைத்துக்கொண்டார்.

பிறகு வாலிநோக்கத்து உப்பளம். அவன் குடோன் வாட்ச்மேன். அவள் பழையபடி உப்பு வார. பாத வெடிப்பு பழைய இடத்திலேயே மறுபடி திறந்துகொண்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பவில்லை. தனக்கு வர வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஆனால் மலையாண்டி குடோன் வாசலில் உட்கார்ந்து, எதையாவது கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பான். சோற்றைக்கூட உருண்டை பிடித்து, கட்டைவிரலால் நடுவில் குழித்து, கிண்ணமாக்கி, பிறகுதான் வாயில் போடுவான். அதைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அவன் ஒருநாளாவது மறுபடி மண்ணில் கை வைக்க வேண்டும், உன் நாக்கில் கோளாறு இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

இரண்டாயிரத்து ஏழில், கண்காட்சி நடத்துகிறவர்களிடமிருந்து மறுபடி ஒரு கடிதம். பழைய கலைஞர்களை எல்லாம் கூப்பிடுகிறார்களாம். ஒரே ஒரு சாமான் செய்து கொண்டுவந்தால் போதும். நெய்னா முகம்மதுதான் கொண்டுவந்து கொடுத்தார். மலையாண்டி படித்துவிட்டு மடித்தான்.

“வர முடியாதுன்னு எழுதிருறேன் அண்ணே. நாக்கு செத்தவன் அங்கன போய் என்ன செய்ய?”

நெய்னா முகம்மது போனதும் அவள் அவன் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். பதினாலு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தது, வாயில் வரும்போது நாலு வரிதான் இருந்தது.

“இங்க பாருங்க. சுக்கான் இல்ல. மாரியூர்லேர்ந்து சிப்பித் தூளு அள்ளியாந்து நான்தான் மண்ணுல கலந்தேன். ஆத்து மணலு வரலை. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

 மலையாண்டி சிரித்தான். கோபச் சிரிப்பு இல்லை. உடம்பு முடியாத பிள்ளை ஏதோ உளறினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

“யாரு சொல்லிக் குடுத்தா? நெய்னா அண்ணனா?”

“சத்தியமாங்க. ரெண்டு சாக்கு. ஏழு தடவ அலசுனேன்.”

“சரி புள்ள, சரி. எந்திரி. சோத்தப் போடு.”

அவள் விடவில்லை. மறுநாள் உப்பளத்துக்குப் போகாமல் மாரியூருக்கு நடந்தாள். அதே சிப்பி, அதே கண்மாய், மடைக்கு வடக்கே அதே இடத்து மண். சக்கரம் இல்லை, கையாலேயே ஒரு கிண்ணம் பிடித்தாள். கோணலாக வந்தது. சூளை இல்லை. முற்றத்தில் எருவும் பனைமட்டையும் அடுக்கி, ஒரு பகல் முழுக்க எரித்தாள். ஆறவைத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். வெடிக்கட்டும் சாமி, வெடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தான் சுட்டது உடைய வேண்டும் என்று சாமி கும்பிட்டவள் அந்தச் சீமையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஒரு நாள், மூன்று நாள், எட்டு நாள். ஒரு சில்லு தெறிக்கவில்லை. கிண்ணம் கல்லு மாதிரி கிடந்தது.

ஒன்பதாம் நாள் மலையாண்டி வந்து வாளிக்குள் கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்தான். பதினாலு வருஷம் கழித்து அவன் கையில் சுட்ட மண். விளிம்பைத் தடவினான். சுண்டிப் பார்த்தான்.

“இந்தச் சூட்டுக்கு வெடிக்காது” என்றான் மெதுவாக. “சிப்பி சுண்ணாம்பாகணும்னா சூளைச் சூடு வேணும். இது சும்மா அடுப்புச் சூடு.”

“அப்ப மானாமதுரைச் சூளையில குடுத்துச் சுட்டுட்டு வாரேன். இப்பவே பஸ் ஏறுறேன்.”

“போய் என்ன? அங்கன வெடிச்சா, சிப்பி போட்டா வெடிக்கும்னு தெரியும். அது எனக்கு விருத்தாசலத்துலயே தெரியும். அன்னைக்கு நீ போட்டதுக்கு அது எப்படிச் சாட்சியாகும்?”

“நான் சொல்றேன்ல! என் வாய்ச்சொல்லு போதாதா உங்களுக்கு?”

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவள் கையைப் பிடித்தான். ஊரில் பகல் வெளிச்சத்தில் பெண்டாட்டி கையைப் பிடிக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது.

“ஏ புள்ள, என் மேல உள்ள பிரியத்துல பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிறே. நான் உன்னை அறியாதவனா? நீதான் கலந்திருந்தா, அந்த மேசைக்கு முன்னால நான் நின்ன அன்னைக்கே சொல்லியிருப்பே. பதினாலு வருஷம் என்னைய இந்தக் கோலத்துல பாத்துக்கிட்டு நீ சும்மா இருந்திருப்பியா? அப்படிப்பட்டவ இல்ல நீ.”

 அவன் எழுந்து உள்ளே போய், வர முடியாது என்று கடிதம் எழுதி, தபாலில் போடுவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.